ஈரம் படுவதற்கு முன்

காவிரிப் படுகையில் வீட்டைச் சுத்தம் செய்வது என்றால் முதலில் கை போவது தண்ணீர் வாளிக்குத்தான். விடியற்காலை வாசல் தெளிப்பது, வெள்ளிக்கிழமை கூடத்தைக் கழுவிவிடுவது, பண்டிகைக்கு முன் முற்றத்தைத் தேய்த்து அலம்புவது என்று எங்கள் பக்கத்தில் எல்லாச் சுத்தமும் ஈரத்தில் தொடங்கி ஈரத்தில் முடியும். புழுதிக்கும் சேற்றுக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் அந்த வழக்கத்தில் குறை இல்லை. ஆனால் வீட்டுக்குள் ஒரு நாயோ பூனையோ வளர்கிறது என்றால் அதன் முடியை இந்த வழியில் வெல்ல முடியாது. ஈரம் பட்ட முடி தரையிலும் துணியிலும் அப்பிக்கொள்ளும். அதைத் துடைப்பத்தால் தள்ளவும் முடியாது, கையால் பொறுக்கவும் முடியாது. முடியை உலர்ந்த நிலையிலேயே எடுத்து முடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும்.

இதைப் போய் இவ்வளவு விரிவாக எழுத வேண்டுமா என்று கேட்கலாம். எழுதத்தான் வேண்டும். குட்டியாக இருக்கும்போது மடியில் வைத்துக் கொஞ்சிய நாயை, வளர்ந்து முடி கொட்டத் தொடங்கியதும் கொல்லையில் சங்கிலியில் கட்டிவிட்டு மறந்துபோகிற வீடுகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இன்னும் சிலர் அடுத்த ஊர்ப் பாலத்தடியில் விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். கேட்டால், "வீடெல்லாம் முடி, சோற்றிலும் முடி, வேறு என்ன செய்வது?" என்கிறார்கள். செய்வதற்கு நிறைய இருக்கிறது. பெரிய செலவும் இல்லை. வாயில்லா ஜீவனை வெளியே தள்ளுவதற்கு முடி ஒரு காரணமே அல்ல.

எங்கள் வீடு குடமுருட்டிக் கரையில் இருக்கிற பழைய ஓட்டு வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், கூடத்தில் ஊஞ்சல். கூடத்துக்குச் சிவப்பு ஆக்சைடு தரை, பின்கட்டில் இன்னமும் செங்கல் தளம். பிற்பாடு வாங்கிப் போட்ட துணி சோபா ஒன்றும் உண்டு. கருப்பி என்ற நாட்டு நாயும் ஒரு சாம்பல் பூனையும் எங்களோடு இருக்கின்றன. இந்த வீட்டில் ஒவ்வொரு பரப்பும் முடியை ஒவ்வொரு விதமாகப் பிடித்துவைக்கிறது. ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை குறையும்.

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதன் வெளிப்பக்கம் வழவழப்பானது அல்ல. கண்ணுக்குத் தெரியாத செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, நுனியைப் பார்த்தபடி அடுக்கியிருக்கும். விளைந்த நெற்கதிரை அடியிலிருந்து நுனிக்கு நீவினால் வழுக்கிக்கொண்டு போகும், நுனியிலிருந்து அடிக்கு நீவினால் கையைப் பிராண்டும், முடியும் அப்படித்தான். துணியின் இழைகளுக்குள் மாட்டிய முடி, நாம் உட்கார்ந்து எழும் ஒவ்வொரு அசைவிலும் வேர்ப்பக்கமாக நகர்ந்து உள்ளே போகும். வந்த வழியே திரும்பாது. கம்பளித் துணியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கி இறுகிப்போகிறதே, அதற்கும் இந்தச் செதில்கள்தான் காரணம்.

குட்டை முடி நாய்தான் சுத்தம் என்று சொல்லி ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நாய்களின் அருமைக்கு வேறு பல காரணங்கள் உண்டு, இது அவற்றில் சேராது. நீள முடி தரையில் உருண்டு பஞ்சுபோலத் திரண்டுவிடும், குனிந்து அள்ளிவிடலாம். குட்டை முடி விறைப்பானது. குஷன் துணியில் குத்திட்டு நிற்கும், ஜமக்காளத்தின் நெசவுக்குள் இறங்கும், காலுறையைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலை உறுத்தும். கருப்பியின் முடி நகத்தின் நீளம்கூட இருக்காது. அதை எடுக்கிற பாடு எனக்குத் தெரியும்.

இன்னொன்று மின்னூட்டம். முடியும் பாலியஸ்டரும் உரசினால் முடி நேர் மின்னூட்டமும் பாலியஸ்டர் எதிர் மின்னூட்டமும் கொள்ளும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். சிந்தெடிக் புடவை கட்டிக்கொண்டு பூனையைத் தூக்கினால் முந்தானை முழுக்க முடி அப்புவது இதனால்தான். பருத்திக்கு இந்தக் குணம் மிகக் குறைவு. காற்றில் ஈரம் இருந்தால் மின்னூட்டம் தங்காமல் கசிந்துவிடும். ஆகவே கார்த்திகை மாதத்தில் இந்தத் தொல்லை அடங்கியிருக்கும், பங்குனி வெயிலில் தலைதூக்கும்.

தரையைப் பெருக்கும்போது முதல் வேலை மின்விசிறியை நிறுத்துவது. விசிறி ஓடும்போது பெருக்கினால் முடி துடைப்பத்துக்கு முன்னால் பறந்து, கூட்டியவளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். விசிறியை நிறுத்தி ஐந்து நிமிடம் பொறுத்தால் மிதப்பதெல்லாம் கீழே இறங்கிவிடும். முடி கூடத்தின் நடுவில் தங்குவதில்லை. காற்று அதை ஒதுக்கி, காற்றே போகாத இடத்தில் சேர்த்துவைக்கும். கட்டிலடி, பீரோவின் கால், கதவின் பின்பக்கம், ஊஞ்சல் சங்கிலி தொங்கும் மூலை ஆகிய இடங்களிலிருந்து தொடங்கி நடுவுக்கு வர வேண்டும். நடுவில் தொடங்கினால் மூலைக்கு இன்னும் கொஞ்சம் முடியைத் தள்ளிக் கொடுத்ததுதான் மிச்சம்.

ஆக்சைடு தரையிலும் மொசைக்கிலும் பூந்துடைப்பம் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அந்தத் துடைப்பத்தின் பூவுக்குள்ளேயே முடி குடியேறிவிடும். பெருக்கி முடித்ததும் கொல்லைக்கு எடுத்துப்போய்ச் சீப்பால் கோதிவிட வேண்டும். இல்லையென்றால் நேற்றைய முடியை இன்று மறுபடி தரையில் பரப்புவோம். செங்கல் தளத்தில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சந்துகளில் முடி புகுந்துவிடுவதால் அங்கே தென்னந்துடைப்பம்தான் சரி. ஈர்க்கு உள்ளே போய்க் கிளறி எடுத்துவரும். எல்லாம் ஆன பிறகு துணியை நனைத்து, சொட்டுகூட வடியாத அளவுக்குப் பிழிந்து, துடைப்பத்தின் முனையில் சுற்றிக்கொண்டு ஒரே திசையில் இழுத்துவந்தால் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டு வரும். அதன் பிறகு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள், கூடத்தைக் கழுவுங்கள், யாரும் தடுக்கவில்லை.

வேக்குவம் கிளீனர் வைத்திருப்பவர்கள் அதன் சுழலும் உருளையை அடிக்கடி கழற்றிப் பார்க்க வேண்டும். முடி அதில் கயிறாகச் சுற்றிக்கொண்டால் உருளை சுழன்றாலும் எதையும் எடுக்காது. கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டினால் ஒரே இழுப்பில் வந்துவிடும்.

இப்போது சோபா. என் கணக்கில் வீட்டிலேயே கடினமான இடம் இதுதான். இதற்கு நான் கண்ட மிகச் சிறந்த கருவி பாத்திரம் தேய்க்கும்போது போடுகிற ரப்பர் கையுறை. கையுறையை மாட்டிக்கொண்டு, உலர்ந்த கையாலேயே, முதுகு சாயும் இடத்தின் மேல்விளிம்பிலிருந்து இருக்கையை நோக்கி, ஒரு சாண் நீளத்துக்குக் குட்டைக் குட்டையாக, ஒரே திசையில் அழுத்தி இழுக்க வேண்டும். முதல் நாலைந்து இழுப்பில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு துணியின் நிறமே மாறுவதுபோல் ஒரு மங்கல் கோடு தெரியும். அடுத்த இழுப்பில் அந்தக் கோடு தடித்து, சாம்பலும் கறுப்பும் கலந்த ஒரு திரியாக உருண்டு கைக்கு முன்னால் வரும். இருக்கைக்கும் முதுகுக்கும் நடுவிலுள்ள இடுக்கு வரை கொண்டுவந்தால் விரல் தடிமனுக்குத் திரண்டிருக்கும். இரண்டு விரலால் கிள்ளி எடுத்துவிடலாம். ரப்பருக்கும் முடிக்கும் உள்ள பிடிப்பு, துணிக்கும் முடிக்கும் உள்ள பிடிப்பைவிட அதிகம். அதனால் துணி விட்டுக்கொடுக்கிறது. முடி மிகவும் பிடிவாதமாக இருந்தால் கையுறையை லேசாக ஈரப்படுத்தி உதறிவிட்டுத் தேய்க்கலாம். லேசாக என்றால் கையில் குளிர்ச்சி தெரிய வேண்டும், துணியில் ஈரம் தெரியக் கூடாது.

அந்த இடுக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். குஷனைக் கழற்ற முடிந்தால் கழற்றி வெளியே வெயிலில் தட்டுங்கள். தெள்ளுப்பூச்சியின் முட்டையும் புழுவும் இப்படிப்பட்ட நிழலான இடுக்கில்தான் வளரும்.

குளியலறைத் தண்ணீரைத் தள்ள ரப்பர் விளிம்பு வைத்த வைப்பர் இல்லாத வீடு இப்போது இல்லை. அதில் புதிதாக ஒன்றை வாங்கித் தனியாக வைத்துக்கொண்டு, ஜமக்காளத்தின் மீதும் கார்ப்பெட்டின் மீதும் உலர்ந்தபடி இழுத்துப் பாருங்கள். கையுறை செய்கிற அதே வேலையை முதுகு வளையாமல் செய்யும். கோரைப் பாய்க்கு இது வேண்டாம், கோரை பிரிந்துவிடும். பாயைக் கொடியில் போட்டுப் பின்பக்கத்திலிருந்து தட்டிவிட்டு, கோரை ஓடுகிற வாக்கிலேயே உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கரூர், முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் விளைகிற அந்தக் கோரை, மழைக்காலத்தில் நனைந்தால் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். ரெக்ஸின் இருக்கையும் பிரம்பு நாற்காலியும் ஊஞ்சல் பலகையும் பேச்சுக்கே இடமில்லாதவை. ஒரு துடைப்பில் போய்விடும். நாயோடு வாழப்போகிறவர்கள் மரத்தையும் பிரம்பையும் வாங்குங்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. தாத்தா காலத்து வீடுகளில் மெத்தை வைத்த இருக்கைகள் இல்லாமல்தான் எல்லோரும் சௌகரியமாக உட்கார்ந்தார்கள்.

துணி துவைப்பதில் இந்த 'உலர்ந்தது முதலில்' என்ற விதி இன்னும் கண்டிப்பானது. நனைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு துணியையும் கொல்லையில் நின்று, விளிம்பைப் பிடித்துப் பட்டென்று உதற வேண்டும். வாளியில் ஊறவைத்துவிட்டால் முடி ஒரு துணியிலிருந்து இன்னொரு துணிக்குப் போகும், அவ்வளவுதான். நிற்கிற தண்ணீரில் மிதக்கிற முடிக்குப் போக்கிடம் கிடையாது. துணியை வெளியே தூக்கும்போது திரும்பவும் அதிலேயே படியும். படித்துறையில் துவைத்த காலத்தில் இது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. ஓடுகிற தண்ணீர் முடியைக் கொண்டுபோய்விடும். வீட்டில் அலசும்போதும் அதே வேலையைச் செய்யலாம்: கடைசி அலசலை வாளியில் செய்யாமல், குழாயடியில் துணியைப் பிரித்துப் பிடித்து மேலிருந்து தண்ணீர் ஓட விட வேண்டும். மேலே திறக்கிற வாஷிங் மெஷினுக்குள் ஒரு சிறிய வலைப்பை இருக்கும். அதில் சேர்வதை ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டும். நாய் படுக்கும் துணியை நம் துணியோடு சேர்த்துப் போடுவது எனக்குச் சம்மதமில்லை, முடிக்காக மட்டுமல்ல, உண்ணிக்காகவும்.

வெளிநாடுகளில் துணியை வெப்பக்காற்றில் உருட்டி உலர்த்தும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். உலர்ந்த முடியைக் காற்று பிரித்தெடுத்து வடிகட்டியில் சேர்த்துவிடுவதால் அவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். நமக்கு அந்த வேலையை ஆடிக் காற்று செய்கிறது. அம்மியை நகர்த்துகிற காற்றுக்கு நாய் முடி எம்மாத்திரம்? ஆனி, ஆடி மாதங்களில் மொட்டைமாடிக் கொடியில் காயும் துணியில் மாலையில் தேடினாலும் முடி கிடைக்காது. துணி முழுக்கக் காய்ந்த பிறகு இன்னும் சிறிது நேரம் காற்றில் விட்டுவைத்தால் போதும். ஐப்பசியும் கார்த்திகையும் நேர் எதிர். மழையில் கொடி கூடத்துக்குள் வந்துவிடும். அதே கூடத்தில் நாயும் வந்து படுத்துக்கொள்ளும். ஈரத் துணி மேலே, உதிர்கிற முடி கீழே, நடுவில் மின்விசிறி. இந்த இரண்டு மாதம் மட்டும் துணி காயும் அறைக்கு நாயையும் பூனையையும் விடாமல் கதவைச் சாத்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

எங்கள் தெரு இஸ்திரிக்காரர் ஒருநாள் வேட்டி மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, முடியோடு கொடுக்காதீர்கள். பெட்டி பட்டால் இழைக்குள் அழுந்திவிடும். அப்புறம் நீங்கள் எத்தனை முறை உதறினாலும் வராது. அடுத்த வீட்டுத் துணிக்கும் போகும், எனக்குத்தான் பேச்சு." அவர் சொன்னது முழுக்கச் சரி. இஸ்திரிக்குப் போகும் துணியை ஒருமுறை கையுறையால் நீவிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

பட்டுக்கு இதெல்லாம் ஆகாது. திருபுவனம் பட்டின் மேல் ரப்பரைத் தேய்த்தால் இழை கலையும். செல்லோ டேப்பையோ ஒட்டுத்தாள் உருளையையோ ஜரிகைமேல் ஒற்றி எடுத்தால் பசை தங்கும், ஜரிகை நூல் பிரிந்து எழும்பும். கல்யாணத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் கறுப்புப் பேன்ட்டுக்கும் ரவிக்கையின் தோளுக்கும் அந்த உருளை நல்ல துணை, பட்டுக்கு மட்டும் வேண்டாம். பட்டைத் தோளில் போட்டு மெல்ல உதறிவிட்டு, துவைத்துத் துவைத்து மென்மையான மல் துணியால் ஜரிகையின் வாக்கில் நீவினால் போதும். உண்மையில் பட்டுக்கு ஒரே காவல் பீரோக் கதவு. திறந்திருந்தால் பூனை நேராக அங்கேதான் போகும்.

இதுவரை சொன்னதெல்லாம் உதிர்ந்த முடிக்கு. உதிரப்போகிற முடியை நாயின் உடம்பிலேயே எடுத்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் சுலபமானது. குளிர் நாடுகளில் பகல் நீளுவதும் குறைவதும் முடி கொட்டும் பருவத்தைத் தீர்மானிக்கிறது. கும்பகோணம் 11 பாகை வடக்கே இருக்கிறது. இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். அதனால் பெரும்பாலும் நம் வீட்டு நாய்க்குப் பருவம் என்று ஒன்று கிடையாது. வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். தினமும் சில நிமிடம் திண்ணையில் வைத்துச் சீவினால் அந்த அளவுக்கு வீட்டுக்குள் முடி குறையும். குட்டை முடிக்கு ரப்பர் பற்கள் வைத்த பிரஷ். நீள முடிக்கு உலோகச் சீப்பு. குளிப்பாட்டுவதற்கு முன்பே சீவ வேண்டும், பிறகு அல்ல. நனைந்த முடிச்சு இறுகிவிடும், இழுத்தால் நாய்க்கு வலிக்கும்.

நாயைச் சீவுவதைப் பார்த்து, "இதற்கெல்லாம் தலை வாரிவிட வேண்டுமா அம்மா?" என்று கோடி வீட்டுப் பெரியம்மா கேட்டார். "மாட்டுப் பொங்கலன்று பெரியப்பா மாட்டை வைக்கோல் பிரியால் தேய்க்கிறாரே பெரியம்மா, அதேதான் இதுவும்" என்றேன். அவர் அதை மறுக்கவில்லை. உடம்போடு ஒட்டி வாழும் விலங்கைத் தேய்த்துவிடுவது நமக்குப் புதிது அல்ல. மாட்டுக்குக் காட்டுகிற அக்கறையை நாய்க்கும் பூனைக்கும் நீட்டினால் போதும்.

ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறந்து, வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் கருப்பியைப் பிடிக்க முடியாது. நாற்றங்காலில் புரண்டு, சேறு வழிய வழிய வந்து நிற்கும். அந்த நேரத்தில் துண்டை எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது. ஈரச் சேற்றைத் துடைத்தால் சேறும் முடியும் சேர்ந்து துண்டில் ஏறும், மீதி தோல்வரை இறங்கும். வாசல் நிழலில் கட்டிப்போட்டு, சேறு வெளுத்து வெடிக்கும்வரை காய விட்டுச் சீவினால் மண்ணும் முடியும் ஒன்றாகப் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

சீவும்போது தோலையும் பாருங்கள். ஒரே இடத்தில் வட்டமாகச் சொட்டை விழுவது, தோல் சிவந்து தடிப்பது, ஓயாமல் சொறிவது ஆகியவை வழக்கமான முடி உதிர்வு அல்ல. சொறிப்பூச்சியாக இருக்கலாம், உண்ணியாக இருக்கலாம், படர்தாமரையாக இருக்கலாம். படர்தாமரை பூனையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். உதிர்ந்த முடியிலேயே அதன் வித்துகள் தங்கியிருக்கும். அப்படி ஒரு சந்தேகம் வந்தால் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். அரசு கால்நடை மருந்தகங்கள் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

வீட்டில் மூச்சிரைப்பு உள்ள பிள்ளை இருந்தால் நான் சொன்ன வரிசையில் ஒரு மாற்றம் வேண்டும். ஒவ்வாமையைத் தருவது முடி அல்ல. பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் ஊறுகிற ஃபெல் டி 1 என்ற புரதம்தான் முதன்மைக் காரணம். பூனை தன்னை நக்கும்போது முடியில் படிந்து, உலர்ந்து, மிக நுண்ணிய தூளாகக் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். துடைப்பம் அதைக் கிளப்பிவிடும். அங்கே உலர்ந்த துடைப்பத்தை எடுக்காமல், இறுகப் பிழிந்த துணியால் ஒற்றி எடுப்பதே நல்லது. அந்த நேரத்தில் பிள்ளை வேறு அறையில் இருக்கட்டும். படுக்கையறைக்குள் பூனையை விடாமல் இருப்பதும் தலையணை உறையை அடிக்கடி மாற்றுவதும் எந்த விலையுயர்ந்த கருவிக்கும் குறைந்தவை அல்ல.

சேர்ந்த முடியை என்ன செய்வது? காற்றில் ஊதிவிடாதீர்கள். பங்குனி, சித்திரையில் பறவைகள் கூடு கட்டுவதற்காக வந்து பொறுக்கும். உண்ணிக்காக ஃபிப்ரோனில் போன்ற மருந்தை நாயின் பிடரியில் ஊற்றியிருந்தால் அந்த மருந்து முடியிலும் இருக்கும். குஞ்சுகளின் உடம்பில் அது படக் கூடாது. அப்படிப்பட்ட முடியைக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் சேர்த்துவிடுகிறேன். மருந்து படாத முடியில் தழைச்சத்து உண்டு. மட்குவதற்குத்தான் பல மாதம் ஆகும். எங்கள் வீட்டில் அதைத் தென்னை மரத்தைச் சுற்றிய பாத்தியில் மண்ணைக் கிளறி உள்ளே போட்டு மூடுகிறோம்.

முற்றத்துச் சலதாரையின் வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றை மடித்து வைத்திருக்கிறோம். எவ்வளவு கவனமாகப் பெருக்கினாலும் கழுவும்போது கொஞ்சம் அந்தப் பக்கம் போகத்தான் செய்யும். முடியும் சோப்பும் சேர்ந்தால் குழாய்க்குள் கட்டியாக அடைத்துக்கொள்ளும். ஐப்பசியில் முதல் பெருமழை இறங்குவதற்கு முன்னால் அந்த வலையை எடுத்துப் பார்த்துவிடுங்கள். முற்றத்தில் நிற்கிற தண்ணீர் தாழ்வாரத்துக்கு ஏற அதிக நேரம் ஆகாது.